சூட்டுப் பலகையில் குறை இல்லை

பீங்கான் ஹோல்டர் இந்த மலையில் கிடைக்காது, சார். கடையில் கேட்டால் பேக்கலைட் ஹோல்டரை எடுத்து நீட்டுவார்கள். நாற்பது வாட் பல்புக்கு அது போதும். இருநூற்றைம்பது வாட் சிவப்பு பல்பை அதில் மாட்டினால் ஒரே வாரத்தில் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் கோயம்புத்தூர் வரை போய்ப் பீங்கானில் நான்கு வாங்கி வந்தேன். நான்கு. உங்கள் மகஸரில் ஐந்து பல்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணுவதே இந்த அழகு என்றால் மற்றதைப் பற்றி நான் என்ன சொல்ல?

நீங்கள் கூப்பிட்டு நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அந்த மகஸரில் இன்னொரு வரி இருக்கிறது: 'தொழிலறிவு இல்லாத ஒருவர் தெரியாமல் செய்த, குறைபாடுள்ள கருவி.' அதைத் திருத்த வேண்டும். ரைட்டர் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் அர்த்தநாரி. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே மீனாட்சிபுரம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வயர்மேனாக இருந்தேன். எழுபத்து மூன்றில் இந்த உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்துக்கு வந்தேன். வந்த முதல் சீசனில் மேனேஜரிடம் சொல்லி, காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினேன். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடி, தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். சூடு கூடினால் காயின் பச்சை வெளுத்துவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். இவ்வளவு நுட்பமான வேலையை ஒரு மனிதனின் உள்ளங்கையை நம்பி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த உள்ளங்கைக்காரர்தான் சூசையப்பன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். முப்பது வருஷமாகக் குழாயில் கை வைத்துப் பார்த்து, கட்டை போடு, எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்துச் சூடு போதாது என்றேன். அவர் கையை வைத்துப் பார்த்து, "சூடு கூடிப்போச்சுடே, ரெண்டு கட்டைய வெளிய இழு" என்றார். ஆட்கள் இழுத்தார்கள். காய் கண்ணைப் பறிக்கும் பச்சையில் வந்தது. தெர்மாமீட்டர் காற்றுப்போக்கியின் பக்கத்தில் தொங்கியது, அதுதான் காரணம். அந்த இடத்தில் மாட்டியது நான்தான் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து என் பெயர் கண்ணாடிக்குச்சி. "கண்ணாடிக்குச்சி அண்ணாச்சி, எங்க வீட்டுப் பல்பு எரியல." கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் நேற்றுப் பிறந்த குழந்தைகூட இப்படித்தான் கூப்பிடும். நான்கு வருஷம். இதற்காக எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. ஏட்டைத் தொட்டுப் பார்க்காதவர்கள் சிரித்தால் படித்தவனுக்கு என்ன வந்தது?

போன வருஷ மழையில் ஒன்றைக் கவனித்தேன். டீக்கடையில் எல்லோரும் டம்ளரைத் துண்டால் பிடித்துக் குடிக்கும்போது, சூசையப்பன் வெறும் கையால் பிடித்திருந்தார். கொதிக்கிற டம்ளர். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிறகு ஸ்டோரில் போய் நின்று பார்த்தேன். அவர் குழாயில் கை வைக்கும்போதெல்லாம் அவர் மகள் கத்தரீனாள், தட்டு அடுக்குகிற சாக்கில், குழாயின் மறுமுனையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடவை இருமினால் கட்டை போட வேண்டும். இரண்டு தடவை இருமினால் போதும். சர்க்கரை வியாதி அவர் கையையும் காலையும் மரக்கட்டையாக்கியிருந்தது. தோட்டமே கும்பிட்ட உள்ளங்கை, ஒரு பெண்ணின் இருமலில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கும் வீடும் போகும். அதனால் அப்பனும் மகளும் வாய் திறக்கவில்லை.

நானும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு நான் செய்த நல்லதில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் ஆடி முழுக்க வெயில் முகம் காட்டவில்லை. அப்போதுதான் மூட்டு வலிக்குச் சூடு கொடுக்கும் இந்தப் பலகையைச் செய்தேன். அயனிப் பலகை, அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, அதில் நான்கு ஹோல்டர். ஒவ்வொரு பல்புக்கும் பின்னால் பிஸ்கட் டின் மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்தேன். முன்னும் பின்னும் நகர்த்த அடியில் ஒரு காடி வெட்டினேன். எர்த் வயர் தனியாக இழுத்து மண்ணில் புதைத்தேன். உட்காரும் முக்காலியிலிருந்து இரண்டடி தூரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். பலகை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆஸ்பத்திரியில் வெளிச்ச வைத்தியம் நடக்கும் அறைக்கு வயரிங் செய்தவன் நான்தான். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ராமுத்தாயும் வேலுத்தாயும் முதலில் வந்தார்கள். நாளெல்லாம் ஈரத்தில் குனிந்து காய் எடுக்கும் பெண்கள். ஒரு வாரத்தில் முட்டி மடங்கியது, முகமும் தெளிந்தது. "சாமி மாதிரி வெளிச்சம் குடுக்கீக" என்றாள் வேலுத்தாய். ஒரு பல்பைப் பார்த்துச் சாமி என்கிறவளிடம் என்ன பேசுவது? தலையாட்டினேன்.

ஆவணியில் கத்தரீனாள் வந்தாள். "அண்ணே, அப்பாவுக்குக் கால் ரொம்ப வெறச்சுப் போவுது. அவுகளையும் ஒக்கார வைப்பீகளா?"

வைக்கிறேன் என்றேன். ஆனால் விதிப்படி செய்தேன், சார். ஆஸ்பத்திரியில் விளக்கைப் போடுவதற்கு முன்னால் நர்ஸ் இரண்டு கண்ணாடிக் குழாய் எடுப்பாள். ஒன்றில் வெந்நீர், மற்றதில் பச்சைத் தண்ணீர். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு எது சூடு என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவரை விளக்கின் பக்கமே விடமாட்டாள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. நான் இரண்டு மருந்துப் புட்டியில் நிரப்பிச் சூசையப்பனின் கெண்டைக்காலில் மாற்றி மாற்றி வைத்தேன். "எதுங்க சூடு?" என்று கேட்டேன். "ரெண்டும் சூடுதானடே, என்னையவா சோதிக்க?" என்று சிரித்தார். அப்போது அவர் காலில் இருந்தது இரண்டுமே பச்சைத் தண்ணீர்ப் புட்டி.

பிறகு அவரை முக்காலியில் உட்கார வைத்தேன்.

முதல் நாள் சிவப்புக் கோட்டில்தான் வைத்தேன். பலகை இருந்த என் அறையில் ராமுத்தாயும் இன்னும் நாலைந்து பேரும் முறைக்குக் காத்திருந்தார்கள். "ஏனுங்கண்ணா, சூடு போதுங்களா? நான் சொல்றதெதுக்கு, உங்க கையே சொல்லட்டுங்க" என்றேன். அவர் பெருமையாகக் கையை நீட்டிப் பார்த்தார். "பத்தலடே. இன்னும் கிட்ட தள்ளு." தள்ளினேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் பத்தவில்லை. பலகை அவர் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. நானாக ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கத்தரீனாள் ஸ்டோரிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். பலகைக்கு முன்னால் கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வாய் வரை வந்ததை ஆட்களைப் பார்த்து விழுங்கினாள். வாசலுக்குப் போய் நின்று இருமினாள். இரண்டு தடவை.

சூசையப்பன் தலை நிமிர்ந்தது. "போதும்டே, தள்ளி வை" என்றார்.

"இப்பத்தான் பத்தலைன்னு சொன்னீங்க. புள்ள வந்ததும் போதுமாயிருச்சுங்களா? உங்க கை சொல்லுதா, வேற யாராச்சும் சொல்றாங்களா?" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ராமுத்தாய் சிரித்தாள். அவளுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், 'என் கை செத்துப் போச்சு' என்று. கால் பிழைத்திருக்கும். அவர் மகளைப் பார்த்து, "நீ போய்க் கொழாயைப் பாரு தாயி" என்றார். பிறகு என்னிடம், "இருக்கட்டும்டே. இதெல்லாம் ஒரு சூடா" என்றார். காலில் ஈரம் பட்ட மாதிரித் தோல் மினுங்கியது. நான் கால் மணி நேரத்தை அரை மணி நேரமாக்கினேன்.

ஆறு நாள் வந்தார். வராவிட்டால் பயந்துவிட்டார் என்று நினைப்பேனாம். மூன்றாம் நாளே கொப்புளத்தைத் துணி சுற்றி வேட்டிக்குள் மறைத்தார். மகளிடம்கூடக் காட்டவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அவள் துணியை அவிழ்த்தாள். ஜீப்பில் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது காலை எடுத்தார்கள். சர்க்கரை உடம்பு தாங்கவில்லை. நான்காம் நாள் முடிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கத்தரீனாள் என் வீட்டுக்கு வந்தாள். "அப்பா கையில உணர்ச்சியே கெடையாதுண்ணே. வெளிய சொன்னா வேலை போயிரும்னு பயந்து மறைச்சுட்டேன். வாயத் தொறந்து சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீக. நாந்தான் கொன்னுட்டேன். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கதறினாள். நான் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அவள் அழுதது எனக்குச் சங்கடமாக இல்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் நெஞ்சில் தைத்தது. எனக்கு எப்படித் தெரியுமாம்! மறுநாள் நீங்கள் வந்து அதையே மகஸரில் எழுதி, தோட்டத்து ஆட்களுக்கும் வாசித்துக் காட்டினீர்கள். பாவம், கண்ணாடிக்குச்சி விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று அவர்கள் என்மேல் இரக்கப்பட்டார்கள்.

நீங்கள் கைப்பற்றிய முக்காலியை இன்னொரு தடவை பாருங்கள், சார். ஒரு காலில், கெண்டைச்சதை உயரத்தில், செம்புக் கம்பியால் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டியிருக்கிறேன். ஸ்டோரில் மாட்டிய அதே தெர்மாமீட்டர். ஆறு நாளும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தது. படித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசி நாள் அது அறுபத்து மூன்று டிகிரி காட்டியது. அவர் கை பத்தவில்லை என்றது. எது சரி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

ஆகவே திருத்தம் இதுதான். பல்பு நான்கு. பலகையில் குறை இல்லை. கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'தெரியாமல்' என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு, தோட்டத்து ஆட்களைக் கூட்டி இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.