வெறும் தண்டவாளத்தில் மூன்று

கரண்ட் வரும்வரைக்கும் யாரும் குசினிப் பக்கம் போகவேண்டாம். இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். பிரேமிளா, நீ அந்தச் சுவர்ப் பக்கம் தள்ளி இரு. பிறகு பயத்தில் என் கையைப் பிறாண்டாதே.

இது கிருசாந்தனின் சித்தப்பாவுக்கு நடந்தது. கிருசாந்தன் என்னோடு படித்தவன், வவுனியாவில் ஃபோன் திருத்துகிறவன். கதை கட்ட அவனுக்கு வராது.

மாலை ஆறு நாற்பது. மாங்குளத்தில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் பாதை. இரண்டு பக்கமும் பாலைமரங்கள். நடுவில் ரயில் கடவை. கேற் இல்லை, காவலும் இல்லை... கடவையைத் தாண்டினால் ஒரே ஒரு வீடு. அது யோகநாதன் சித்தப்பாவின் வீடு.

சுவிஸிலிருந்து திரும்பி வந்தபோது மனிசன் கொண்டுவந்தது முழங்கால் வருத்தமும் ஒரு பெட்டி நிறையக் குட்டி மாதிரி ரயில்களும்தான். விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் கோபம் வரும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கு ஓர் இலக்கம். கொன்ட்ரோலரில் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டுக் குமிழைத் திருகினால் அந்த எஞ்சின் மட்டும் ஓடும். புதிதாக வருகிற எதற்கும் இலக்கம் மூன்று. மாற்றவேண்டும் என்றால் அதைத் தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். 'வாசி' என்ற பொத்தானை அமத்தினால் தன் இலக்கத்தைச் சொல்லும். 'எழுது' என்று அமத்தினால் புதியதை ஏற்றுக்கொள்ளும்.

அந்தத் துண்டை எதன்மேல் பூட்டியிருந்தார் தெரியுமா... உண்மையான தண்டவாளத்தின்மேல். தொண்ணூறில் சண்டையால் ரயில் நின்றபிறகு தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்குகிற பங்கர்களுக்கு மேல்போட்டு மூடினது உங்களுக்குத் தெரியும்தானே. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது இடிந்துபோன பங்கர் ஒன்றிலிருந்து அது வந்தது. நல்ல இரும்பு என்று துடைத்து மேசைமேல் அந்தத் துண்டுக்குத் தாங்காக வைத்துவிட்டார். பங்கருக்குள் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது திரும்ப ரயில் ஓடுகிறதே, அவருக்கு வாழ்க்கையில் ஒரே பயம் அந்தக் கடவை. இரஞ்சிதம் சித்தி ரவுணில் தையல் படிப்பிக்கிறவர். தினமும் ஆறு நாற்பதுக்கு ஸ்கூட்டியில் அதைத் தாண்டித்தான் வருவார். சத்தம் கேட்கும்வரைக்கும் சித்தப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது.

அன்றைக்குப் புதிதாக வந்த எஞ்சினை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கை தவறி 'வாசி' அமத்திவிட்டார். வெறும் தண்டவாளம்... பிழை என்று காட்டவேண்டும்.

மூன்று என்று காட்டியது.

திரும்ப அமத்தினார். மூன்று. கிருசாந்தனுக்கு ஃபோன் எடுத்தார்.

"வெறும் தண்டவாளம் பதில் சொல்லாது, சித்தப்பா. அதில ஏதோ ஒண்டு நிக்குது."

"ஒண்டுமில்லையடா. கையால தடவிப் பாத்தனான். குளிருது, அவ்வளவுதான்."

"அப்ப ஒரு இலக்கம் குடுத்துப் பாருங்கோவன்" என்று சிரித்திருக்கிறான் இவன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் தன்னைத்தானே திட்டுகிறான்.

சித்தப்பா இருபத்தெட்டு என்று எழுதினார். ஏற்றுக்கொண்டது. குமிழை மெல்லத் திருகினார். மேசையில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் வெளியே, கடவைப் பக்கம், கிரவலில்... சர்... சர்... காலடி. குமிழை நிற்பாட்டினார். காலடி நின்றது. திருகினார். வந்தது. கூடவே இரும்புக் கறள் மணமும் ஈரமண் மணமும்.

கதவைத் திறந்துகொண்டு இரஞ்சிதம் சித்தி உள்ளே வந்தார். ஊதாச் சேலை, தோளில் பை. ஸ்கூட்டிச் சத்தம் இல்லை. சித்தப்பா குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். சித்தி தூக்கின கால் தூக்கினபடியே நின்றார்.

அந்த நேரம் ஃபோன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, ஸ்கூட்டி டயர் காத்துப் போட்டுது. ரவுணில ஒட்டுவிச்சுக்கொண்டு நிக்கிறன். இப்ப வெளிக்கிட்டிடுவன்."

"வராதை இரஞ்சி! அங்கேயே நில்!" என்று கத்தினார். தொடர்பு அறுந்திருந்தது. திரும்ப எடுத்தார், எடுத்தார்... மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பின்னோக்கிப் போகிற பொத்தானை அமத்திக் குமிழை முழுதாகத் திருகினார். அது திரும்பவில்லை. அவரைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்தது. வாசற்படியில் கால் தடுக்கவில்லை. கிரவலில் சர்சர்சர் என்று கடவைப் பக்கம் போனது. அதே பாதையால்தான் உண்மையான மனுசி வரவேண்டும். ஓடிப்போய் மறிக்கலாம் என்றால், குமிழை விட்டால் அது எங்கே நிற்குமோ... பாவம் மனிசன், அழுதுகொண்டே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஏழு பத்துக்கு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. கடவையடியில் நின்றது. கொஞ்ச நேரம்... ஒன்றுமில்லை. பிறகு ஸ்டார்ட் ஆகி வாசலுக்கு வந்தது.

"என்ன, லைற்றும் போடாமல் இருட்டுக்க நிக்கிறியள்?" என்றார் சித்தி. சித்தப்பா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

இவ்வளவையும் கிருசாந்தனுக்கு அவரே ஃபோனில் சொன்னார். அடுத்த மாதம் இவன் பார்க்கப் போனான். எஞ்சின்கள் எல்லாம் பெட்டிக்குள். மேசையில் துணி போர்த்தியிருந்தது. கொன்ட்ரோலர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போனாலும் அணையாதபடி அதற்கு ஒரு லொறி பற்றறி பூட்டியிருந்தது.

சித்தப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். குசினியில் சித்தி தேங்காய் திருவுகிற சத்தம். கர்... கர்... கர்...

கொன்ட்ரோலரில் இலக்கம் இருபத்தெட்டு. முன்னோக்கி. வேகம் ஆறு. மேசையில் ஒன்றுமே இல்லாமல் இது ஏன் சும்மா ஓடுகிறது என்று நினைத்துக் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினான்.

தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

அவன் கூப்பிட்டான். "சித்தி..." மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவசரமாகக் குமிழைத் திருப்பி வைத்தான். பதற்றத்தில் ஆறில் நிற்கவில்லை, ஒன்பதுக்குப் போய்விட்டது.

குசினியில் மறுபடி சத்தம் தொடங்கியது... முன்னையைவிடக் கொஞ்சம் வேகமாக.