வேனுக்கு முளைத்த இறக்கை

— டீ வேணும்னா முதல்ல இந்தச் சர்க்கரை டப்பாவைத் திறந்து குடுங்க.

— கை இன்னும் அப்படியேதான் இருக்கா?

— அப்படியேதான். பேச்சை மாத்தாதீங்க. நான் கேட்டதுக்குப் பதில் வரல.

— என்ன கேட்டே?

— வேன் உச்சியில நான் வரைஞ்ச இறக்கைப் பலகை நிக்குது. அதுக்கப்புறம் வண்டி டீசல் அதிகமா குடிக்கணுமே... ஏன் குடிக்கல?

— நல்ல குடும்பத்து வண்டி. அந்தப் பழக்கம் கிடையாது.

— ஆமா! மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டுப் போனார். மேல பலகை நிமிந்து நின்னா காத்து வந்து முட்டுமாம், எஞ்சின் திணறுமாம், டீசல் தண்ணியா ஓடுமாம்.

— அவனுக்கு வேற வேலையில்ல. நான் நிதானமா ஓட்டுறேன்...

— நீங்களா? சைக்கிள்காரர் முந்தினாலே மூஞ்சி சிவந்துடும் உங்களுக்கு!

— சரி சரி, டீ ஆறுது.

— ஹெட்லைட் பூரா பூச்சி அப்பிக் கிடக்கு. இறக்கையில ஒண்ணுகூட இல்லையே, அது எப்படிங்க?

— ...சொன்னா அழக்கூடாது.

— நானா? சொல்லுங்க.

— தெருமுனை பஞ்சர் கடையில கழட்டி வச்சிட்டுத்தான் லோடுக்குப் போறேன். திரும்பும்போது மாட்டிக்கிட்டு வர்றேன்.

— தினமுமா?

— தினமும்தான். ஒரேயடியா கழட்டிப்போட மனசு வரல. ஒரு வருஷம் ஸ்பூன்கூடப் பிடிக்காத கை... முதல்ல பிடிச்சது அந்த பிரஷ்ஷை. சாயங்காலம் மதிலுக்கு மேல இறக்கை தெரிஞ்சதும் ஜன்னல்ல உன் மூஞ்சி மலருது பாரு... அதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியல.

— அந்த ஒரு வருஷம் ஊட்டிவிட்டது யாராம்? அதுக்காகத்தானே வரைஞ்சேன்... நாலு நட்டு, தினம் ரெண்டு தடவை. கஷ்டமா இல்லையா?

— ஆரம்பத்துல பெரும்பாடு. ஸ்பேனர் வழுக்கி விரலெல்லாம் தோல் உரிஞ்சுது. அப்புறம் பஞ்சர் கடைக்காரன், புண்ணியவான், எனக்குத் தெரியாமலேயே காது வச்ச நட்டா மாத்திட்டான். ஸ்பேனரே வேணாம், விரலாலேயே திருகிடலாம்.

— அவரே சொன்னாரா?

— அவன் எங்க சொல்வான்! தினம் டீ வாங்கித் தர்றேன். எதுக்குன்னுகூடக் கேக்காம குடிக்கிறான். தங்கமான மனுஷன்.

— ம்... இனிமே அந்த டீயை எனக்கு வாங்கிட்டு வாங்க.

— உனக்கா? ஏன்?

— உங்க விரலுக்கு மருந்து போட்ட மறுநாளே ஜன்னல்லேருந்து பார்த்துட்டேங்க, நீங்க தெருமுனையில வேன் மேல ஏறி இறங்கறதை. நீங்க தூங்கும்போது ஸ்டூல் போட்டு ஏறி நாலு நட்டையும் மாத்தினது நான்தான், இந்தக் கையாலேயே... சர்க்கரை டப்பாவும் எப்பவோ திறக்க வந்துடுச்சு, நீங்க திறந்து குடுக்கறது பிடிச்சிருக்கு, அதான் சொல்லல.