கவாத்துக் குச்சி ஊறிய ஜாடி

கவாத்து முடிந்ததும் வெட்டிப்போட்ட திராட்சைக் கொடிக் குச்சிகளை எரிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை ஐயா. குளிர் காய்ந்தபடியே கூலி வாங்கலாம்.

அப்படி எரிக்கையில்தான், வறுத்த கடலை மாதிரி வாசம் வருகிறதே, இதை ஒயினில் போட்டால் என்ன என்று அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டேன். மாமா சிரித்தார். அதையே முதலாளியிடம் தன் யோசனையாகச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லையாம். இடம் பொருள் தெரிந்தவர்.

குச்சியை நறுக்கி, வாட்டி, ஜாடி ஒயினில் ஊறவைத்தார்கள். வாசமும் ருசியும் ஏறின. மாமாவுக்கு நிலவறையில் தனி அறை, வெள்ளை அங்கி. எனக்கும் உயர்வுதான்: எரித்த குச்சியை இனி வாட்டிச் சுமக்கலாம்.

ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். மாமா விழுங்குவார். "துப்புறதுக்கா மாப்ள இவ்ளோ பாடுபட்டோம்?" என்பார். என்னையும் சேர்த்துக்கொண்டாரே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்.

ஒயினுக்கு மருந்தடிக்காத மேட்டு வரிசைக் குச்சிதான் ஆகும். அன்றைக்குப் புது ஜாடிக்குக் குச்சிக் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

"மேட்டுக் குச்சிதானே மாப்ள?"

"ஆமா மாமா. உங்களுக்குன்னே பொறுக்கி எடுத்தது."

வரிசை மாறிவிட்டது, கைப்பிழை என்று ஆஸ்பத்திரியில் அழுதேன். எல்லோரும் நம்பினார்கள். அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "உன்னையும் ஒரு வாய் குடிக்கச் சொல்லுவாரேடா, நீ குடிக்கலையா?" வயிறு சரியில்லை என்றேன். "நல்லவேளை, நீயாவது மிஞ்சினியே" என்று என் தலையைத் தடவினாள்.

இப்போது அந்த அறையும் அங்கியும் என்னிடம். நான் துப்பிவிடுகிறேன்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. வரிசை மாறவில்லை. மேட்டுக் குச்சியைத்தான் வாட்டினேன். வாட்டிய பிறகு பூச்சிமருந்தில் முக்கி உலர்த்தினேன். வறுத்த வாசத்தில் மருந்து வாசம் அமுங்கிப்போனது. என் யோசனை அவ்வளவு நல்ல யோசனை.

அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் துணை?