கட்டங்கட்டமாகப் போன முகம்

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் கமராப் பையோடு இருந்தவரிடம் சொன்னாள்:

“எங்கட அம்மாவைக் கட்டங்கட்டமாத்தானே அனுப்பினனீங்கள்.”

அவளுடைய தாயின் செத்தவீட்டை வெளிநாட்டிலுள்ள தமையனுக்கு நேரலையாகக் காட்டியவர் அவர்தான் என்பது பேச்சில் விளங்கியது.

“தங்கச்சி, கடற்கரைப் பக்கம் கவரேஜ் காணாது. வீடியோ சின்னச் சின்னத் துண்டாத்தான் போகும். வழியில துண்டு துலைஞ்சா அந்த இடம் கட்டங்கட்டமாத் தெரியும். துலைஞ்சதைத் திருப்பி அனுப்ப நேரம் வேணும். அரை நிமிசம் பிந்தி விட்டிருந்தா முகம் முழுசாப் போயிருக்கும்.”

“அப்ப ஏன் விடேல்லை?”

“உங்கட அண்ணாதான் வேண்டாம் எண்டவர். பெட்டி மூடேக்க தானும் அந்த நேரமே அம்மாவோட நிக்கவேணும், ஒரு செக்கனும் பிந்தக்கூடாது எண்டு அழுதவர்.”

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள்.

“விசா இல்லாமல் பதினாலு வருசம் வராமல் இருந்தவர். பெட்டி மூடேக்க போனில ‘அண்ணா, முகம் தெரியுதோ’ எண்டு கேட்டனான். ‘ஓம், வடிவாத் தெரியுது’ எண்டவர். ஒண்டும் தெரியேல்லை எண்டு பிறகு அண்ணிதான் சொன்னவா.”

“கமராவில முழுசா இருக்குது. அவருக்கு அனுப்பியும் விட்டனான்.”

“அதை அவர் திறக்கேல்லை.”

“ஏனாம்?”

“திறந்து பாத்தா, தான் அண்டைக்கு அம்மாவைக் காணேல்லை எண்டு ஆகிப்போகுமாம்.”