சீட்டில் தம்பி பெயர்

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வரிசை. பக்கத்து பெஞ்சில் கோட்டக்குப்பத்து அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

“சீட்டுல உன் பேரத்தான குடுத்த?” என்றான் அண்ணன்.

“ஆமாண்ணே. எதுக்கு என் பேரு?”

“வெளி மேட்ச் ஆடமாட்டேன்னு கிளப்புல கையெழுத்து போட்டிருக்கேன்டா. தெரிஞ்சா இந்த சீசன் லீக்ல எறக்க மாட்டானுங்க.”

“அப்புறம் ஏன் நம்ம ஊரு டோர்னமென்ட்ல ஆடின?”

“ஆள் கொறையுதுன்னு நீதான கூப்ட்ட. அங்கயும் உன் பேர்லதான் ஆடினேன்.”

அண்ணனின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, “கிளப்புலேர்ந்துடா” என்று எடுக்காமல் கவிழ்த்து வைத்தான்.

“அப்துல் யாருப்பா, உள்ள வா” என்று எக்ஸ்ரே அறையிலிருந்து குரல் வந்தது.

தம்பி எழுந்துவிட்டான். அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“உக்காருடா. அது நான்.”