கூரைமேல் ஐந்து சைக்கிள்

ஃபியட் காரின் கூரையில் மூன்று சைக்கிளுக்கு மேல் ஏறாது என்பார்கள், பாதர். நான் ஐந்து ஏற்றுவேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஹேண்டில் நட்டைத் தளர்த்தி, ஹேண்டிலைச் சட்டத்தோடு ஒட்டித் திருப்பிவிட்டால் சைக்கிள் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஒன்றின் தலை முன்னே, அடுத்ததன் தலை பின்னே, நடுவில் கோணிச் சாக்கு. பழைய டியூபால் இழுத்துக் கட்டிவிட்டால் போதும்.

ஈஸ்டருக்கு மறுநாள் கண்டாலா போவது எங்கள் வழக்கம். மலை ஏறுவது காரில், இறங்குவது சைக்கிளில். கசார்வாடியில் என் சைக்கிள் பட்டறை வாசலில் இருந்து புறப்படுவோம். நான் ஓட்ட, மச்சினன் எட்மண்டும் அவன் கூட்டாளிகள் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வருவார்கள். வழியெல்லாம் வடாபாவும் கும்மாளமும்தான்.

எட்மண்ட் தங்கமான பையன், என் மனைவி மில்ட்ரெட்டின் தம்பி. ஆயுதத் தொழிற்சாலையில் பரிசோதகர். வேலை முடிந்து வந்தாலும் பரிசோதகர்தான். மலைமேல் சைக்கிள்களை இறக்கி நான் நட்டுகளை முறுக்கி முடித்ததும், ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, இன்னொரு சுற்று முறுக்கி, சட்டத்தில் சாக்பீஸால் டிக் போடுவான்.

"அத்தான் வேலையாச்சே. ஒரு தடவ பாத்துக்கிடணும்ல."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாளடைவில் பட்டறைக்கு வருகிறவர்களும், "எட்மண்ட் செக் பண்ணிட்டானா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அது எனக்கு வலித்தது.

இந்த வருடம் நான்கு சைக்கிள்களை ஒழுங்காக முறுக்கினேன். அவனுடையதை மட்டும் ஹேண்டிலை நேராக்கி, நட்டை விரலால் திருகி விட்டுவிட்டேன். பரிசோதகர் கண்டுபிடிக்கட்டுமே என்றுதான்.

அன்று பார்த்து அவன் என் தோளில் கை போட்டான். "அக்கா நேத்து ரொம்ப ஏசிட்டா, அத்தான். நாலு பேருக்கு முன்னால ஒங்கள நான் அசிங்கப்படுத்துறேனாம். இனிமே ஒங்க வேலைய ஆட்டிப் பாக்க மாட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க."

சொல்லிவிட்டு, எதையும் தொட்டுப் பார்க்காமலே ஐந்திலும் டிக் போட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடத்தில் அவன்மேல் அவ்வளவு பிரியம் வந்ததில்லை. ஸ்பானர் என் பாக்கெட்டில் இருந்தது.

"பாத்துப் போ, எட்மண்ட்" என்றேன்.

முதல் வளைவை நன்றாகவே கடந்தான். இரண்டாவதில் ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. அந்தப் பக்கம் பள்ளம்.

பிரேக் பிடிக்காமல்தான் தம்பி செத்தான் என்று மில்ட்ரெட் இன்னமும் நினைக்கிறாள். உங்களிடம் மறைக்க மாட்டேன், பாதர். நட்டை முறுக்காமல் விட்டது நான்தான். அவன் ஏறி உட்காரும்போது வாய் திறக்காமல் நின்றதும் நான்தான், தெரிந்தேதான். மற்ற நான்கும் பட்டறையில் இருக்கின்றன. வேண்டுமானால் வந்து ஆட்டிப் பாருங்கள், இம்மியும் அசையாது.

ஆனால் ஆட்டிப் பார்க்காமல் டிக் போட்டது அவன்.