தாடி வைத்த குதிரை

— விளக்கைச் சாய்ச்சுப் பிடிம்மா. நேரா அடிச்சா அச்சு தெரியாது. நிழல் விழணும்.

— கை வலிக்குதுப்பா. நான் கொண்டுவந்த ஒரு பட்டாளத்துச் சாப்பாட்டு டின்னுக்கு இவ்வளவு மரியாதையா?

— போர்க்காலத்துல எல்லாக் கம்பெனியும் பட்டாளத்துக்கு டின் அடிச்சுது. இதை எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் சேகரிக்கிறவங்க அலமாரியில வைப்பாங்க. தெரியலைன்னா வெறும் தகரம். அதைக் கண்டுபிடிச்சுச் சொல்றதுதானே என் பிழைப்பு. பொறு, பொறு. கைப்பிடிக்குக் கீழே, இந்தப் பட்டையில ஏதோ இருக்கு. அந்தச் சாக்பீஸ் பொடியை எடு.

— பொடி எதுக்கு?

— பள்ளத்துல தங்கும், மேட்டுல தங்காது. மேலாகத் துடைச்சா படம் வெள்ளையா எழும்பி வரும். இப்படி... அடி அம்மாடி.

— என்னப்பா?

— ஆடு.

— எந்த ஆடு?

— நான் சொன்ன ஆடு. உங்க மாமனார் குதிரைன்னு சாதிச்சாரே, அதே ஆடு. இதோ பாரு, தாடி. குதிரைக்குத் தாடி உண்டா, நீயே சொல்லு.

— மாமாவோட டின் அவர் வீட்டுலதானே இருக்கு? இது வேற டின்.

— டின் வேற, அச்சு ஒண்ணு. பின்னங்கால்ல ஒரு வெட்டு தெரியுதா? அவர் டின்லயும் அதே இடத்துல அதே வெட்டு. அச்சுல விழுந்த பழுது, அதால குத்தின எல்லா டின்லயும் வரும். அவரோடது தேஞ்சுபோய்க் கொம்பும் தாடியும் காணாமப் போச்சு. அதை வச்சுக்கிட்டு, குதிரை மார்க் பிஸ்கட் கம்பெனி செஞ்சதுன்னார். ஆடு மார்க் விளக்குக் கம்பெனின்னு நான் சொன்னேன்.

— அதோட விட்டீங்களா? சேகரிக்கிறவங்க சங்கக் கூட்டத்துல, அத்தனை பேர் நடுவுல, 'சம்பந்தி, முதல்ல போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க'ன்னீங்க.

— வாய் சும்மா இருக்கலை.

— அன்னியிலேருந்து நான் தபால்காரி. ஒரே சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, 'உங்கப்பாகிட்ட சொல்லு', 'உன் மாமனார்கிட்ட சொல்லு'. பாப்பா கேக்கறா, ரெண்டு தாத்தாவுக்கும் வாயில புண்ணான்னு. எனக்கு ரெண்டு பேரும் வேணும்பா.

— இனிமே எதுக்குத் தபால்? கேமராவை எடு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல திரையில பெரிசாப் போடறேன். தாடி மட்டும் கதவு உயரத்துக்கு நிக்கணும்.

— போடுங்க. மாமா எப்பவும் முன்வரிசைதான்.

— உட்காரட்டும். நல்லாத் தெரியும்.

— அந்த டின்னுக்குன்னு தனியா ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கியிருக்கார். பாப்பா தினம் காலையில 'குதிரை, போயிட்டு வரேன்'னு அதுகிட்ட சொல்லிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவா. மாமா பெட்டிக்குப் பின்னால குனிஞ்சு கனைப்பார்.

— யாரு, அவரா?

— அவரேதான்.

— அவ்வளவு பெரிய மீசையை வச்சுக்கிட்டா?

— மீசை பறக்கப் பறக்க. பாப்பா சிரிச்சு உருளுவா. சிரிக்காதீங்கப்பா, டின் ஆடுது.

— கனைக்கிறாராம்... ஐயோ, வயிறு வலிக்குதும்மா. அந்த மனுஷனை நான் இத்தனை நாளா முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே.

— சரி, கேமரா இந்தாங்க.

— உள்ளே வை. அந்த ஈரத் துணியைக் கொடு.

— ஏன் துடைக்கிறீங்க? தாடி மறையுதே.

— மறையட்டும். யாராவது நேர்ல கேட்டா ஆடுன்னுதான் சொல்வேன், என் வேலையில பொய் கிடையாது. கேக்காதவரைக்கும் அவர் வீட்டுல குதிரை மேயட்டும். ஆண்டவன் எனக்குக் கூர்மையான கண்ணைக் கொடுத்தது, ஒரு குழந்தையோட காலை நேரத்தைக் கெடுக்கவா?

— ஆனா ஜெயிச்சிருக்கீங்களேப்பா.

— ஜெயிச்சேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், மேலே இருக்கறவருக்குத் தெரியும். இந்தக் கூட்டமே போதும். நீ அவர்கிட்ட என் சார்பா ஒரு வார்த்தை... இல்லை, வேண்டாம். நானே வரேன். அன்னிக்கு நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசினது தப்புன்னு என் வாயால சொல்லணும். நீ ஒண்ணு மட்டும் செய். இந்த டின் எந்தக் காலத்துலயும் உங்க மாமா கண்ணுல பட்டுடக் கூடாது.

— அது முடியாதுப்பா. இதைத் தேடிப் பிடிச்சு வாங்கினதே மாமாதான், நேத்தே தாடியைப் பாத்துட்டார். 'உங்கப்பா தானாக் கண்டுபிடிச்சாத்தான் அவருக்கு முழு சந்தோஷம், நான் கொடுத்தேன்னு மூச்சு விடாதே'ன்னு என்கிட்ட கொடுத்துட்டு, நீங்க சிரிக்கிற சத்தத்தைக் கேக்கணும்னு இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருக்கார்.